ஊராருக்கெல்லாம் நேர்ந்த முத்துப்பேச்சி

முத்துப்பேச்சியோடு ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. கோட்டையோ கோயிலோ பாழடைந்த மண்டபமோ, எந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும் முதலில் அதில் உள்ளங்கையை வைக்க வேண்டும். "சும்மா நின்னு பாத்துட்டுப் போனா சினிமா பாத்த மாதிரிதான். கைய வைங்கட்டி. இந்தக் கல்லத் தூக்கி வச்சவன் கையும் இங்கதான பட்டிருக்கும்" என்பாள். வாட்ச்மேன் விசிலடித்தாலும் சரி, தொடக்கூடாது என்று பலகை தொங்கினாலும் சரி, மில் பெண்கள் நாங்கள் அத்தனை பேரும் வரிசையாகக் கையை வைத்துவிட்டுத்தான் நகர்வோம். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக வந்தது. வெயிலில் காய்ந்த கல்லில் கையை வைத்தால் சுடும், வேறென்ன? ஆனால் கிருஷ்ணாபுரம் கோயில் தூணில் நிற்கிற குறத்தியின் கைமேல் என் கையை வைத்தபோது, புடைத்த நரம்பு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. கல்லில் நரம்பு! அன்றிலிருந்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோயில் தேர் திரும்புகிற முக்குக்குப் பக்கத்தில். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, வயது வந்ததும் ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை கண்ணுச்சாமி ராணுவத்தில் இருந்தார். வருடத்துக்கு ஒரு முறை தகர டிரங்குப் பெட்டியோடு வருவார், லீவு முடிந்ததும் அதே பெட்டியோடு போய்விடுவார். பிள்ளை குட்டி இல்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல் நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவில் என் பக்கத்து மெஷின் அவளுக்கு. என் பெயர் ரத்தினம். அந்த மெஷின் இரைச்சலில் அவள் குரல் ஒன்றுதான் எனக்குத் தெளிவாகக் கேட்கும். அம்புட்டுச் சத்தம்.

ஊர் சுற்றுகிற ஆசையை அவளுக்குள் போட்டதே அந்த டிரங்குப் பெட்டிதான். ஒவ்வொரு லீவிலும் கண்ணுச்சாமி அண்ணன் போட்டோக்கள் கொண்டுவருவார். ஆக்ரா கோட்டை வாசலில் அவர், குவாலியரில் அவர், கோல்கொண்டாவில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவர். முத்துப்பேச்சி அதை மில்லுக்கு எடுத்துவந்து எல்லாரிடமும் காட்டுவாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "அவிய மட்டும் எல்லாத்தையும் பாத்துட்டு வாராவ. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றாள். ஏதோ புருசன் மேல் கோபம் என்று நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தனியாகப் பஸ் ஏறிப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்விட்டு வந்தாள்.

போய்விட்டு வந்ததில் அவளுக்கு ஒரே ஒரு குறைதான். பார்த்ததைச் சொல்ல ஆள் இல்லை. எங்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். வேன் பேசலாம், புளியோதரை கட்டலாம், விடியக்காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பலாம், எல்லாம் சரி. வீட்டில் என்ன சொல்வது? எண்பதுகளில் எங்கள் தெருக்களில் ஒரு பொம்பளை "கோட்டை பார்க்கப் போகிறேன்" என்று சொன்னால் புத்தி கலங்கிவிட்டது என்று வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போவார்கள். ஆம்பிளை சோலி இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போவான். பொம்பளை சாமி இருக்கிற இடத்துக்கு மட்டும்தான் போகலாம்.

இதற்கு முத்துப்பேச்சி கண்டுபிடித்த வழியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வியப்பும் சேர்ந்தே வருகின்றன. எங்கள் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் தடுப்பார்கள், நேர்த்திக்கடனைத் தடுக்க மாட்டார்கள். சாமிக்கு நேர்ந்துகொண்டதை முடிக்கவிடாமல் செய்தால் பாவம் தடுத்தவன் தலையில் விடியும். ஆகவே அவள் ஆளாளுக்கு ஒரு நேர்த்திக்கடன் போட்டுக் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் தையல்காரர், லேசில் மசிகிறவர் இல்லை. ஒருநாள் சாயங்காலம் முத்துப்பேச்சி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, போன வருசம் நீங்க சைக்கிள்ல இருந்து விழுந்து கெடந்தப்ப, ரத்தினம் திருச்செந்தூருக்கு வாரேன்னு நேந்துக்கிட்டா. சொன்னா நீங்க வைவீகன்னு மனசுக்குள்ளயே வச்சிருக்கா" என்றாள். எனக்கே அது செய்தி. அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. மறுபேச்சு பேசாமல் அனுப்பிவைத்தார். இன்றுவரை அதை நம்பிக்கொண்டிருக்கிறார், நானும் கலைக்கவில்லை.

"பொய் சொல்லுதோமேட்டி, சாமி கண்ணக் குத்தாதா?" என்று வேனில் கேட்டேன். "ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாமாம். கடலப் பாக்க ஒரு பொய் ஆகாதாக்கும்?" என்றாள்.

இப்படித்தான் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கிளம்பினோம். போகிற ஊர் எதுவானாலும் வீட்டுக்குச் சொல்வது கோயில் பெயர். திருச்செந்தூர் என்றால் வழியில் கிருஷ்ணாபுரம் உண்டு, ஆதிச்சநல்லூர்ப் பரம்பு மேடு உண்டு, ஸ்ரீவைகுண்டத்துக் கோட்டைச் சுவர் உண்டு, கடற்கரையோடு போனால் மணப்பாடு உண்டு. கன்னியாகுமரி என்றால் வட்டக்கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனை. எந்த இடத்திலும் அவள் வெட்கப்படாமல் கேட்பாள். பூசாரி, வாட்ச்மேன், வலை பின்னுகிறவர், டீக்கடைக்காரர், யார் கிடைத்தாலும் "இத யாரு கட்டுனா? எதுக்குக் கட்டுனா? கட்டுனவன் பொண்டாட்டி எங்க இருந்தா?" என்று துளைத்து எடுப்பாள். மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. ஆதிச்சநல்லூரில் செம்மண்ணில் கிடந்த பானை ஓட்டைக் கையில் எடுத்து, "இதுல வச்சுத்தான் செத்தவங்களப் பொதச்சாகளாம். எம்புட்டுப் பிரியம் இருந்தா இவ்வளவு பெரிய பானை வனைவாக" என்று சொல்லிவிட்டு, எடுத்த இடத்திலேயே பதனமாக வைத்தாள். அவள் பக்கத்தில் நின்றால் மண்மேடுகூட பார்க்கத் தகுந்ததாக ஆகிவிடும். அந்த வேன் போகும் இடங்களை நாங்கள் பார்த்தது பாதி, அவள் பார்ப்பதைப் பார்த்தது மீதி.

எண்பத்தேழு கடைசியில் கண்ணுச்சாமி அண்ணனை அமைதிப்படையோடு இலங்கைக்கு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு போட்டோ வரவில்லை. கடிதமும் வருவது குறைந்து, பொங்கலுக்குப் பிறகு நின்றே போனது. முத்துப்பேச்சி மில்லுக்கு வருவாள், மெஷினைப் பார்ப்பாள், சிரிப்பாள். ஆனால் மாநிலச் செய்தி போடுகிற நேரத்தில் தெருவில் எந்த வீட்டு ரேடியோ பாடினாலும் அங்கே போய் நின்றுவிடுவாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஊருக்கெல்லாம் நேத்தி போட்டுக் குடுக்க. ஒம் புருசனுக்கு ஒண்ணு நேந்துக்கிடப்படாதா?" என்றேன்.

அவள் அறுந்த நூலை முடிந்துகொண்டே சொன்னாள்: "எத்தன பேருக்குப் பொய்யா நேந்த வாயி இது? இப்ப நெசமா நேந்தா மட்டும் முருகன் நம்புவாரா? இவ இன்னைக்கு எந்த ஊரு பாக்கக் கெளம்புதாளோன்னு நெனச்சுக்கிடுவாரு."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. அவள் மனசார அதை நம்புகிறாள் என்பது எனக்குப் புரிந்தது. 

அந்த மாசியில்தான் கருத்தம்மா வந்து ஒட்டிக்கொண்டாள். புதிதாக மில்லில் சேர்ந்த சின்னப் பெண். அவளுக்குச் சொந்த ஊர் கான்சாபுரம், வாக்கப்பட்டது ராஜபாளையத்தில். அவள் மாமியார் வெள்ளத்தாயும் கான்சாபுரத்துக்காரிதான். புருசன் செத்த பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகனோடு வந்து இருந்தாள். வாயில் பொய் வராது, கையில் காசு வராது, முகத்தில் சிரிப்பு வராது என்று தெருவில் அவளைச் சொல்வார்கள். மருமகளை மில்லுக்கு அனுப்புவாள், மில் விட்டால் வீடு. அய்யனார் கோவில் அருவியைத் தாண்டி அந்தப் பெண் எங்கும் போனதில்லை. "அக்கா, கடலு நெசமாவே முடியாதாக்கா? அந்தப் பக்கம் கரையே தெரியாதா?" என்று முத்துப்பேச்சியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவ்வளவுதான், முத்துப்பேச்சி கிளம்பிவிட்டாள்.

நானும் கூடப் போனேன். வெள்ளத்தாய் முற்றத்தில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சி வழக்கமான பாட்டை ஆரம்பித்தாள். "பெரியம்மா, ஒங்க மகனுக்கு மஞ்சக்காமாலை கண்டு கெடந்தாகள்ல, அப்ப கருத்தம்மா திருச்செந்தூர் முருகனுக்கு நேந்துக்கிட்டா."

வெள்ளத்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். "என்னன்னு நேந்த?" என்று மருமகளைப் பார்த்துக் கேட்டாள்.

இதுவரை எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை. நேர்ந்தது என்றால் நேர்ந்ததுதான், துருவ மாட்டார்கள். முத்துப்பேச்சி வாயைத் திறப்பதற்குள் கருத்தம்மா பயத்தில், "மொட்டை போடுதேன்னு" என்று சொல்லிவிட்டாள். அவள் பிறந்த வீட்டில் நேர்த்தி என்றால் மொட்டைதான். வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது.

வெள்ளத்தாய் மடியில் கிடந்த உளுந்தைத் தட்டிவிட்டாள். பிறகு எழுந்து வந்து மருமகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். "எம் மகனுக்காகவா தாயி? தலைமுடிய குடுக்கேன்னியா? நான் ஒன்ன என்னென்ன வஞ்சிருப்பேன்!" எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வார்த்தை சொன்னாள்: "நானும் வாரேன். நானே முன்ன நின்னு முடி எறக்கி வைக்கேன்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை ஆகிவிட்டது. "பூமுடி குடுத்தாப் போதும் பெரியம்மா, மூணு கத்திரிப்பு, சின்னப் பிள்ள பாவம்" என்று முத்துப்பேச்சி கெஞ்சினாள். "எம் மகன் உசிரு என்ன பூவும் பிஞ்சுமா? சாமிகிட்ட சொன்னது மொட்டை, மொட்டைதான்" என்று முடித்துவிட்டாள் வெள்ளத்தாய்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். வெள்ளத்தாய் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், என் மருமகளைப் போல உண்டா என்று. மருமகளுக்குத் தட்டில் கெட்டித் தயிர் விழுந்தது. மல்லிகைப்பூ வந்தது. கருத்தம்மாவோ மில்லில் வந்து நூலை விட்டுவிட்டு அழுதாள். முடி போவதற்காக அழவில்லை. "அவுக உசிரு மேல பொய்யா நேந்துட்டேன்க்கா. முடியக் குடுத்தா பொய்க்குக் குடுத்ததாயிரும். குடுக்காட்டி சொன்னதச் செய்யாததாயிரும். ரெண்டுல எதுன்னாலும் அவுகளுக்கு ஏதாவது ஆயிருமேக்கா." அது சின்னப் பெண்ணின் பயம் என்று தள்ள முடியவில்லை.  உண்மையைச் சொல்லலாம் என்றால், அந்த வீட்டில் இப்போதுதான் அவளுக்குக் கிடைத்திருக்கிற சோறும் பிரியமும் போகும், அதோடு எங்கள் அத்தனை பேர் வீட்டுப் பொய்யும் வெளியே வரும், வேன் இனி எந்தக் காலத்திலும் கிளம்பாது. முத்துப்பேச்சி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "நீ அழாத. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். என்ன பார்க்கப் போகிறாள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

கிளம்பிய நாளில் வேனில் புளியோதரைப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. கிருஷ்ணாபுரத்தில் இறங்கிச் சுவரில் கையை வைத்தோம், ஏறினோம். வெள்ளத்தாய் மட்டும்தான் சந்தோஷமாக இருந்தாள். திருச்செந்தூரில் கோயிலைச் சுற்றிக்கொண்டு கடல் முன்னால் வந்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். அறுபது வயதுக்கு அதுதான் அவள் பார்த்த முதல் கடல். "எம்புட்டுத் தண்ணி! இம்புட்டுத் தண்ணி கெடந்தும் ஒரு மரக்கா நெல்லு வெளையாதாமே" என்று அங்கலாய்த்தாள். கருத்தம்மா தலையைக் குனிந்தபடி நின்றாள். ஆசைப்பட்டு வந்த கடலை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முடி இறக்குகிற கொட்டகையில் தேய்ந்து மழுங்கிய பலகைகளைப் போட்டு நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளத்தாய் மருமகளின் கொண்டையை அவிழ்க்கப் போனாள். அதற்குள் முத்துப்பேச்சி போய்ப் பலகையில் உட்கார்ந்து, தன் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். நாவிதர் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றினார்.

"ஏட்டி, நீ எதுக்கு ஒக்காருத? ஒனக்கென்ன நேத்தி?" என்றாள் வெள்ளத்தாய்.

"பெரியம்மா, ஒங்க மருமக நேரவே இல்ல. அவளுக்குக் கடலப் பாக்க ஆச. நீங்க விடமாட்டீகன்னு நான்தான் பொய் சொன்னேன். நீங்க கேட்டதும் பயத்துல மொட்டைன்னுட்டா. ஒங்க மகன் பேரச் சொல்லி முருகன்கிட்ட முதல்ல வாயத் தெறந்தது நான். பொய்யா இருந்தாலும் கடன் என் கடன். என் தலையில எடுத்துக்கிடுதேன். அவள வையாதீக."

கொட்டகையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.  ராணுவக்காரன் பொண்டாட்டி, புருசன் சண்டைக் களத்தில் இருக்கும்போது தலையை மழித்துக்கொண்டு தெருவில் போனால் ஊர் என்னவெல்லாம் நினைக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். அவளைப் போல ஒரு மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

வெள்ளத்தாயின் முகம் கறுத்துப்போனது. கருத்தம்மாவை ஒரு பார்வை பார்த்தாள், அந்தப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கையை ஓங்கிவிடுவாள் என்றே நினைத்தேன். "கடலப் பாக்கணும்னா எங்கிட்டக் கேக்க வேண்டியதுதான?" என்றாள். கொஞ்சம் பொறுத்து அவளே, "கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

பிறகு முத்துப்பேச்சிக்குப் பக்கத்துப் பலகையில் போய் உட்கார்ந்தாள். "எம் மகன் உசிருக்குச் சொன்ன மொட்டை. பொய்யோ நெசமோ, அதுக்குத் தல குடுக்க வேண்டியவ பெத்தவ. அடுத்த வீட்டுக்காரி இல்ல. ஐயா, எனக்குத் தண்ணிய ஊத்தும்" என்று நாவிதரிடம் சொன்னாள்.

முத்துப்பேச்சி எழுந்திருக்கப் பார்த்தாள். வெள்ளத்தாய் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "ஒம் புருசன் எங்க இருக்கான்னு எனக்கும் தெரியும்ட்டி. அவனுக்கு நேந்தியா?"

முத்துப்பேச்சி தலையை ஆட்டினாள், இல்லை என்று. "என் வாயி செல்லாது பெரியம்மா" என்றாள். 

"என் வாயி செல்லும். நான் பொறந்ததுல இருந்து ஒரு பொய் சொன்னதில்ல. முருகா, கேட்டுக்கோ. என் முடி என் மகனுக்கு, இவ முடி இவ புருசனுக்கு. அவன் உசிரோட வீடு வந்து சேரணும். சொல்லுதது வெள்ளத்தாய்." சொல்லிவிட்டு, "அவன் பேரு என்ன?" என்று முத்துப்பேச்சியைக் கேட்டாள்.

முத்துப்பேச்சி வாயைத் திறந்தாள், பெயர் வரவில்லை. எங்களில் எவள் புருசன் பேரைச் சொல்லியிருக்கிறாள்? சொன்னால் அவர்கள் ஆயுசு குறையும் என்று சொல்லித்தானே வளர்த்தார்கள். "நான் சொல்லட்டுமா?" என்றேன். "நீ சொன்னா ஆகாது, அவதான் சொல்லணும். சரி விடு, முருகனுக்குத் தெரியாத பேரா" என்றாள் வெள்ளத்தாய். இரண்டு தலையிலும் கத்தி இறங்கியது. முத்துப்பேச்சி அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அழுகையை அடக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

கடலில் முழுகி, நாழிக்கிணற்றில் குளித்து, சந்தனம் பூசிய இரண்டு மொட்டைகளோடு சாமி கும்பிட்டுவிட்டு மணப்பாட்டுக்குப் போனோம். கண்ணுச்சாமி அண்ணன் தொண்ணூறில் படை திரும்பியபோது நல்லபடியாக வந்து சேர்ந்தார். பென்ஷன் வாங்கிய பிறகு எங்கள் வேனில் தண்ணீர் டிரம் தூக்குகிற வேலையும் அவருக்குத்தான். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு மணப்பாட்டு மணல் தேரி மேல் ஏறும்போது அவர் இருக்கிறாரா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியாது.

உச்சியில் கடலைப் பார்த்தபடி சிலுவைக் கோயில். அங்கே செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் கதை சொன்னார். புயலில் சிக்கிய ஒரு கப்பல்காரன், உயிரோடு கரை சேர்ந்தால் பாய்மரத்தில் சிலுவை செய்து நடுகிறேன் என்று வேண்டிக்கொண்டானாம், சேர்ந்ததும் நட்டானாம். வழக்கமாக இந்த இடத்தில் முத்துப்பேச்சி பத்துக் கேள்வி கேட்பாள். அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஐயா, இலங்கை எந்தப் பக்கம்?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். நீலத்தைத் தவிர அங்கே எதுவும் இல்லை. கருத்தம்மா முதல்முறையாக நிமிர்ந்து கடலைப் பார்த்தாள். முத்துப்பேச்சி தேரியின் விளிம்பு வரைக்கும் போனாள். காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, "கண்ணுச்சாமி" என்றாள்.

எங்களில் ஒருத்தி பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். வெள்ளத்தாய் முந்தானையால் தன் மொட்டைத்தலையை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு தாயி. இந்த எரச்சல்ல அங்கிட்டுக் கேக்க வேண்டாமா?"

முத்துப்பேச்சி இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.